மந்திரி கடல் கடக்கு முன்

பெங்களூரின் விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்து வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தாண்டி, ஈஜிபுரத்தின் வழியே கோரமங்கலா எண்பதடிச் சாலைக்குச் சென்றால், பிராந்திய பாஸ்போர்ட் காரியாலயத்தில் நீல அட்டைப் பாஸ்போர்ட் சம்பந்தமாக ஜனங்கள் வந்துபோவதைக் காணலாம். அவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் பிரயாணத்துக்கு வேறு தடையில்லை. ஆனால் இதே நகரத்தின் விதான சௌதாவில் அமர்ந்திருக்கும் மந்திரி ஒருவர் அரசாங்க காரியமாக அந்நிய தேசம் செல்ல வேண்டுமானால், டில்லியின் அனுமதியின்றி அவர் புறப்பட இயலாது.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை வெளிநாட்டு விவகாரத்தை மத்திய சர்க்காரின் பட்டியலில் வைத்திருப்பதே இதற்குக் காரணம். ஆகவே, அழைப்புக் கடிதமும் பயண நிரலும் முதலில் வெளியுறவு அமைச்சகத்துக்குச் செல்கின்றன; அழைத்தவர் யார், சந்திக்கப்போகிறவர் மந்திரியின் அந்தஸ்துக்கு ஏற்றவரா, அத்தேசத்தோடு நமக்குள்ள உறவு இப்போது எப்படி என்பனவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த பிறகே, காரியாலயங்களில் ‘பொலிட்டிகல் கிளியரன்ஸ்’ என்று வழங்கும் ஒப்புதல் பிறக்கிறது. தங்குமிடத்தையும் உணவையும் அந்நியர் அளிப்பதாயின், 2010-ஆம் ஆண்டின் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. சட்டசபை அங்கத்தினரானாலும் நீதிபதியானாலும் அரசாங்க ஊழியரானாலும், முன் அனுமதியின்றி அவ்விருந்தோம்பலை ஏற்கலாகாது. அங்கே திடீரென்று நோயுற்று வைத்திய உதவி பெற்றால் மட்டும் விலக்கு உண்டு, அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உபசாரத்தின் வழியே செல்வாக்கு நுழைந்துவிடும் என்ற இந்த எச்சரிக்கை நியாயமானதே.

இவை முடிந்தால் எஞ்சியவை சம்பிரதாயம். அரசாங்க அலுவலாகச் செல்லும் உத்தியோகஸ்தருக்கு வெள்ளை அட்டைப் பாஸ்போர்ட். ராஜதந்திரிகளுக்கு அரக்கு நிற அட்டை. விசாவுக்காகத் தூதரகத்துக்குப் போகும் குறிப்போ படர்க்கையிலேயே எழுதப்பட்டு, வணக்கம் கூறித் தொடங்கி, உயர்ந்த மதிப்பை உறுதிகூறி முடியும். முழுக் கையெழுத்து அதில் இராது, சுருக்கொப்பமும் முத்திரையுமே இருக்கும்.

இவ்வளவு ஒழுங்குள்ள ஏற்பாட்டில் குறை எங்கே என்பதை 2025 ஜூன் மாதத்துச் சம்பவம் காட்டிற்று. பாஸ்டனில் நடந்த உயிரித் தொழில்நுட்ப மாநாட்டுக்கும், சான்பிரான்சிஸ்கோவில் நடந்த டிசைன் ஆட்டோமேஷன் மாநாட்டுக்கும் செல்லவிருந்த கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப மந்திரி பிரியங்க் கார்கேக்கு, அமெரிக்கப் பயணத்துக்கான ஒப்புதல் காரணம் கூறப்படாமல் மறுக்கப்பட்டது. அவர் பகிரங்கமாக விளக்கம் கேட்டு, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கருக்கும் எழுதினார். பின்னர் அந்த மறுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டதாயினும், பாஸ்டன் மாநாடு அதற்குள் நிறைவெய்திவிட்டது. முதலீட்டாளரைத் தேடிச் செல்லும் ஒரு ராஜ்யத்துக்கு, காலம் கடந்து வரும் சம்மதத்தால் என்ன பிரயோஜனம்?

தேசத்தின் குரல் வெளியே ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மறுக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருப்பதும் தகும். ஆயினும் பெங்களூரைப் போல உலகத்தோடு நாள்தோறும் வியாபாரம் நடத்தும் நகரத்தின் பிரதிநிதிக்கு, ஒப்புதலானாலும் மறுப்பானாலும் பயணத் தேதிக்குப் பல நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டும். மறுப்பாயின் அதன் காரணமும் எழுத்தில் கூடவே வர வேண்டும். டில்லி இதை வழக்கமாக அல்ல, விதியாகவே வகுத்துத் தர வேண்டும்.