போட்டோவும் நகரும்!

ஆல்பத்தில் இருக்கும் பழைய கல்யாணப் போட்டோ சினிமா மாதிரி நகருமா? நகரும்! 1957-லேயே கனடா தேசத்தில் காலின் லோ, உல்ஃப் கோனிக் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். 1898-ஐ ஒட்டித் தங்கம் தேடி ஜனங்கள் திரண்ட டாசன் நகரின் பழைய போட்டோக்கள் மீது காமிராவை மெல்ல நகர்த்தி, ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்ற படத்தை எடுத்தார்கள்.

இன்று அந்த வித்தையை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். அதற்குக் ‘கீஃப்ரேம்’ வைக்க வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான்! ஆரம்பத்தில் படம் முழுவதும் தெரியும்படி ஒரு புள்ளி. ஆறாவது விநாடியில் மணப்பெண்ணின் முகம் மட்டும் தெரியும்படி இன்னொரு புள்ளி. இடையிலுள்ள கோட்டைக் கம்ப்யூட்டரே இழுத்துவிடும்.

ஆனால், அவசரம் ஆகாது. புள்ளிகள் மிகவும் நெருங்கினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். முகத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் மங்கிவிடும். முகம் வந்ததும், அதே அளவில் மூன்றாவது புள்ளி வைத்து இரண்டு விநாடி நிறுத்துங்கள்.

யாரிடம் போய் நிற்பது? மணப்பெண்ணிடமா, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறாளே, அந்த அத்தையிடமா? அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது, சகோதரிகளே! நீங்கள்தான் சொல்ல வேண்டும்.