சாரணர்கள் கூடாரம் அடித்த மணல் எங்கே போனது?

ஒரு பெரிய தட்டு. அதில் 24 பொருள்கள். தீப்பெட்டி, சாவி, பொத்தான், புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பாதி தேய்ந்த பென்சில்... மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கும். சாரண ஆசிரியர் துண்டை எடுப்பார். ஒரே ஒரு நிமிடம் பார்க்கலாம். மறுபடியும் மூடிவிடுவார். “என்னென்ன இருந்துச்சு? எழுதுங்கடா பார்க்கலாம்!”

பள்ளியில் ஸ்கவுட்டில் இருந்த யாருக்கும் இந்த விளையாட்டு மறந்திருக்காது. இதன் பெயர் ‘கிம் விளையாட்டு’. ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘கிம்’ நாவலில் வரும் ஒரு பயிற்சியைப் பார்த்து, சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் எடுத்துக்கொண்ட விளையாட்டு இது. இதில் இன்னும் கடினமான ஒரு வகையும் உண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிடுவார்கள். கண்ணைத் திறந்ததும் சொல்ல வேண்டும்... எது காணோம்?

மரக்காணம் தொடங்கி கோட்டக்குப்பம் வரை நீளும் விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் இன்று போய் நின்றால், அதே கேள்விதான் எழும். எது காணோம்?

காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப்

இன்று அறுபதைத் தாண்டியவர்களிடம் ஸ்கவுட் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் விசில், கையில் மூங்கில் கழி. வலது கையால் சல்யூட், இடது கையால் கைகுலுக்கல். ‘ரீஃப் நாட்’, ‘க்ளோவ் ஹிட்ச்’ என்று கயிற்று முடிச்சுகள். முகாமில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, அடிப்பிடித்த சோற்றை ‘பிரமாதம்’ என்று சாப்பிட்டது. ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் நாடகமுமாகக் கழிந்த கேம்ப் ஃபயர். வெறும் தரையில் தலைக்குக் கையை வைத்துத் தூங்கியது.

உள்நாட்டுப் பிள்ளைகளில் பலருக்குக் கடலை முதன்முதலில் காட்டியதும் இப்படிப்பட்ட முகாம்களும் பள்ளிச் சுற்றுலாக்களும்தான். பனமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்றின் மேல் ஏறி நின்றால் கீழே ஏரி தெரியும், வயல் தெரியும். கடல் தெரியாது. அது சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் பனமலைக்கும் கடலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. குன்றின் மேலிருக்கும் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவர் பல்லவ மன்னர் ராஜசிம்மன். மாமல்லபுரத்தில் அலை தெறிக்கும் இடத்தில் கடற்கரைக் கோயிலை எழுப்பியதும் அவர்தான். மலைக்கும் அலைக்கும் ஒரே ராஜா!

மலைக் கோயில் 1,300 ஆண்டுகளாகக் குன்றின் மேல் பத்திரமாக இருக்கிறது. கடற்கரைக் கோயிலையோ கல் கொட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

தீவில் பிறந்து அடையாறுக்கு வந்தது

சாரண இயக்கம் பிறந்ததே கடலோரத்தில்தான். 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரவுன்சீ தீவில், சுமார் 20 சிறுவர்களோடு முதல் முகாமை நடத்தினார் பேடன் பவல். இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கினாலும், அது ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும்தான். இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை.

‘அப்படியானால் நாமே தொடங்குவோம்’ என்று கிளம்பியவர் அன்னி பெசன்ட். ஜி.எஸ்.அருண்டேலுடன் சேர்ந்து 1917-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள். 1921-ல் இந்தியா வந்த பேடன் பவல், பெசன்ட்டின் சங்கத்தையும் தன் இயக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல் பல பிரிவுகளும் ஒன்றாகி ‘பாரத சாரணர்’ இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் இணைந்தார்கள்.

அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே அன்று மணலும் தோப்பும் மீனவர் குப்பங்களுமாக இருந்த கடற்கரைதான் இன்றைய பெசன்ட் நகர். அந்தப் பெயரில் மட்டும் பழைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மணல் நடந்து போகும் வழி

சென்னையில் மாறியது கரைமேல் இருந்த காட்சி. தெற்கே புதுச்சேரியை ஒட்டிய பகுதியில் கரையே காணாமல் போனது.

காரணம் எளிமையானது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் வடக்கிலிருந்து தெற்கே திருப்பி அனுப்பும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால், வரவு செலவு பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நடக்கிறது. ஒரு ஊர்க் கரையில் கரையும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்து சேரும். பந்தியில் கைமாறிக் கைமாறிப் போகும் வாளி மாதிரி!

1980-களின் இறுதியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. வாளி அங்கேயே நின்றுபோனது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே புதுச்சேரி நகரக் கரையில் மணல் மெல்ல மெல்லக் கரைந்தது. பிள்ளைகள் ஓடி விளையாடிய இடத்தில் கருங்கற்கள் வந்தன.

இன்னொரு பக்கத்தில் ஆறுகள். செஞ்சி மலைப்பக்கத்து மழையைச் சுமந்துவரும் சங்கராபரணியின் ஒரு கிளைதான் அந்த அரியாங்குப்பம் ஆறு. கடலுக்கு மணல் தருவது ஆறுகள்தான். அணையிலும் மணல் குவாரியிலும் நின்றுவிடும் மணல் கடலுக்கு எப்படி வரும்?

நகரத்தைக் காக்கக் கல் சுவர் வந்ததும், அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் குப்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையை இழக்கத் தொடங்கின. ஒரு ஊருக்குக் கல் கொட்டினால், அடுத்த ஊரில் கடல் ஏறுகிறது. அந்த ஊரும் கல் கேட்கிறது. வேறென்ன செய்வார்கள்?

சுற்றுலா வருபவருக்குக் கடற்கரை என்பது பொழுதுபோக்கு. மீனவருக்கு அதுதான் தொழிற்கூடம். படகை ஏற்றி நிறுத்துவது, வலையை உலர்த்துவது, பிரித்துச் சரிபார்ப்பது, மீனைக் காயவைப்பது எல்லாமே மணலில்தான். இருபுறமும் ஆட்கள் நின்று இழுக்கும் கரைவலைக்கு அகலமான மணற்பரப்பு இல்லாமல் முடியாது. கரை போனால் அந்தத் தொழிலும் போகும். அடுத்து வீடும். முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் இதே கதிதான்.

இதற்கு நடுவே 2004-ல் சுனாமி, 2011-ல் ‘தானே’, 2024-ல் ‘ஃபெஞ்சல்’. முன்பெல்லாம் புயல் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்ள மணல் மேடுகள் இருந்தன. இப்போது பல இடங்களில் முதல் அடி வீட்டுச் சுவரில் விழுகிறது.

தட்டில் புதிதாக வந்தவை

கிம் விளையாட்டில் தொலைந்ததை மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான். புதிதாக வந்ததையும் சொல்ல வேண்டும்.

1990-களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. சவுக்குத் தோப்புகள் இருந்த பல இடங்களில் இன்று ரிசார்ட்டுகள். கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள்.

நல்ல வரவுகளும் உண்டு. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழையில் அரித்து, மரமே அரிதான செம்மண் பொட்டல். வரப்பு கட்டி, மழைநீரை நிறுத்தி, மரம் நட்டார்கள். இன்று அது காடு. மரக்காணம் பக்கத்தில், பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. புதுச்சேரியில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டால், தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. ஆக, தொலைந்தது திரும்பவே திரும்பாது என்றில்லை. ஆனால் திரும்ப வேண்டுமென்றால், முதலில் என்ன தொலைந்தது என்று யாருக்காவது நினைவிருக்க வேண்டும்.

தாத்தாவிடம் கேளுங்கள்

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் இன்று பத்து வயதாகும் பிள்ளைக்குக் கடற்கரை என்றாலே கருங்கல்தான். கல்லுக்கு முன்னால் அங்கே மணல் இருந்தது என்றே தெரியாது. தெரியாததை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சாரணர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, காலடியால் தூரத்தை அளப்பது. நூறு மீட்டருக்குத் தன் கணக்கில் எத்தனை அடி என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். கூடாரத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி, பனைமரத்திலிருந்து அலை எத்தனை அடி என்று எண்ணியே பழகியவர்கள் அவர்கள். செயற்கைக்கோள் படங்கள் கரையின் கோட்டைத்தான் காட்டும். அந்தக் கரையில் யார் வலை உலர்த்தினார்கள், எந்த இடத்தில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வந்தது என்பதை அந்தப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய சாரணர் இருக்கிறாரா? அடுத்த விடுமுறையில் அவரை அவர் முகாமிட்ட இடத்துக்கே அழைத்துப் போங்கள். “தாத்தா, அப்போ தண்ணி எது வரைக்கும் இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள். இன்றைய தூரத்தை உங்கள் பிள்ளை காலடியால் அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் அளக்கட்டும்.

சாரணர்களின் தடக்குறிகளில் கடைசிக் குறி ஒன்று உண்டு. மணலில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி. ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம். கென்யாவில் இருக்கும் பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் அந்த வட்டத்தைப் போடவும் கொஞ்சம் மணல் மிச்சமிருக்க வேண்டும்.