பத்திரம் பத்திரமாக இருக்கிறதா?



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. போன வருஷம் டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து, "கம்ப்யூட்டர்ல இருக்கறதும் இதுவும் ஒண்ணுதானா, பாருடா" என்றார். பார்த்தேன். காகிதத்தில் உட்பிரிவு 3, கம்ப்யூட்டரில் 8. எப்போது மாறியது? அலுவலகத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தில் திருத்தினால் அடித்த தடமாவது இருக்கும். சாதாரண கம்ப்யூட்டர் ஃபைலில் அதுகூட இருக்காது.

இதற்கு வழி தேடியபோதுதான் பிளாக்செயின் பற்றிப் படித்தேன். பிளாக்செயின் என்றாலே பிட்காயின், பணம் என்று நினைக்கிறோம். பிட்காயின் ஓட ஆரம்பித்தது 2009-ல். ஆனால் 1991-லேயே ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர், கம்ப்யூட்டர் ஆவணத்துக்கு யாரும் முன்தேதி போட்டு ஏமாற்ற முடியாதபடி ஒரு முறையைச் சொல்லிவிட்டார்கள். அதன் வளர்ச்சிதான் இது.

ஒரு ஃபைலை 'ஹேஷ்' என்ற கணக்கில் போட்டால் அதன் கைரேகை மாதிரி ஒன்று வரும். எஸ்.எச்.ஏ-256 முறையில், எண்ணும் எழுத்துமாக 64 இடம். ஒரு பக்கமானாலும் ஆயிரம் பக்கமானாலும் அதே 64தான். உள்ளே 3-ஐ 8 ஆக்கினால் போதும், கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ("அப்ப அதுவும் என்னை மாதிரி கைநாட்டா?" என்று அப்பா சிரித்தார்.) அடுத்து வரும் கட்டில் முந்தைய கட்டின் கைரேகையையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள். நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ள ஒன்றும் ஒத்துப்போகாது.

சரி, ஒருத்தன் மொத்தச் சங்கிலியையும் புதிதாக எழுதிவிட்டால்? அதற்குத்தான் பல இடங்களில் நகல். ஷ்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் 1995 முதல் வாராவாரம் இந்தக் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சின்ன விளம்பரமாகப் போட்டது. விற்றுப்போன பேப்பரை வீடு வீடாகப் போய் யார் திருத்துவது!

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் சர்ரே பல்கலைக்கழகமும் 2017-ல் 'ஆர்க்கேஞ்சல்' என்ற ஆய்வைத் தொடங்கின. ஃபைல் காப்பகத்திலேயே இருக்கும். கைரேகை மட்டும் சங்கிலிக்குப் போகும். இதில் ஒரு சிக்கல். பழைய வீடியோவைப் புதிய ஃபார்மட்டுக்கு மாற்றினால், படம் அதேதான் என்றாலும் ஹேஷ் மாறிவிடும். அதனால் படத்தின் உள்ளடக்கத்தையே பார்த்துக் கைரேகை எடுக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலி காவல்காரன் இல்லை, சாட்சி. ஹார்டு டிஸ்க் போனால் ஃபைல் போனதுதான். முதலில் ஏற்றும்போதே தப்பாக 8 என்று ஏற்றியிருந்தால், அந்தத் தப்பும் பத்திரமாகவே இருக்கும்.

எங்கள் மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. பட்டாவை அப்பா மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்காமல் நான் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.