தொழிற்சார் பார்வை அளவையியல்

தொழிற்சார் பார்வை அளவையியல் என்பது ஒருவர் செய்யும் பணிக்குத் தேவையான பார்வைத்திறனை அளந்து, குறையைத் திருத்தி, பணியிடத்தில் கண்ணுக்கு நேரும் தீங்கைத் தடுக்கும் துறையாகும். இது, ஆப்டோமெட்ரி எனப் பரவலாக அறியப்படும் பார்வை அளவையியலின் ஒரு பிரிவு.

படிப்பு

இந்தியாவில் பார்வை அளவையியல் கல்வி 1958இல் அலிகார், ஐதராபாத் நகரங்களின் கண் மருத்துவமனைகளில் ஈராண்டுப் பட்டயப் படிப்பாகத் தொடங்கியது. நான்காண்டுப் பட்டப்படிப்பை முதலில் அளித்தது, 1985இல் சங்கர நேத்ராலயாவின் சார்பில் சென்னையில் நிறுவப்பட்ட எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி ஆகும். ஒளியியல், கண்ணின் உடற்கூறு, இருவிழிப் பார்வை ஆகியவற்றைக் கற்ற மாணவர் நான்காம் ஆண்டைப் பயிற்சியில் கழிப்பார். பட்டம் பெற்றவர் கண் மருத்துவர் அல்லர், அறுவை செய்வதில்லை. மூக்குக்கண்ணாடி விற்பவரும் அல்லர். இவ்வேறுபாடு பொதுமக்களிடம் இன்னும் தெளிவாகச் சென்றடையவில்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, நலத்துறைத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

பணிக்கேற்ற பார்வை

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் அதன் சுற்றுவட்டாரமும் இரும்பு உருக்கு, உருட்டாலைகளுக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய ஆலைகளில் எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படித்துவிட்டால் மட்டும் போதாது. நாற்பது வயதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்துக்காக வழங்கப்படும் கண்ணாடி, பொதுவாக 40 செ.மீ. தொலைவில் படிப்பதற்கு அளக்கப்படுகிறது. லேத் இயக்குபவரோ ஏறத்தாழ 60, 70 செ.மீ. தொலைவில் அளவுக்கோட்டைப் பார்க்கிறார். அவருக்கு அதே கண்ணாடி மங்கலாகவே காட்டும். பாரந்தூக்கி ஓட்டுநருக்கு ஆழம் உணரும் இருவிழிப் பார்வையும், மின்பணியாளருக்கு நிறப்பார்வையும் இன்றியமையாதவை.

ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோரிடம் தமிழ் அல்லது ஆங்கில எழுத்து அட்டை பயன்படாது. திறப்பு எப்பக்கம் உள்ளது எனக் கையால் காட்டும் லாண்டோல்ட் வளைய அட்டை இங்கு உதவும்.

தீங்குகள்

வெல்டிங் சுடரின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுடுகிறது. வலி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் தொடங்கும். இது வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் அதற்காகத் தாய்ப்பால் விடும் பழக்கம் தொற்றுக்கு வழிவகுக்கலாம். உலையின் அகச்சிவப்பு வெப்பம் பல ஆண்டுகளில் கண்புரையை உண்டாக்க வல்லது.

சாணை பிடிக்கையில் தெறிக்கும் இரும்புத்துகள் கருவிழியில் பதிந்தால் துருவளையம் தோன்றும். உடன் பணியாற்றுபவர் துணி நுனியாலோ தீக்குச்சியாலோ அதை எடுக்க முயல்வது காயத்தை ஆழமாக்கும். துகள் கண்ணுக்குள் ஊடுருவியிருந்தால், இரும்பு கரைந்து விழித்திரையையே அழிக்கக்கூடும். அத்தகையவரைக் கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ விடாமல் உடனே கண் மருத்துவரிடம் அனுப்புவதே பார்வை அளவையாளரின் கடமை. சாதாரணப் பவர் கண்ணாடி இதற்குக் காப்பாகாது. பக்கக்காப்புடன் கூடிய பாலிகார்பனேட் கண்ணாடியிலேயே பவரைச் சேர்த்துத் தரவேண்டும். இல்லையெனில் தெளிவாகத் தெரியவில்லை என்று பணியாளர் அதைக் கழற்றிவிடுவார்.