சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் கிணற்று நீரும்

முருங்கன் பகுதியில் நெற்செய்கை பண்ணும் கமக்காரர் நிலவெடிப்பை நன்கு அறிவர். கோடையில் கரிய களிமண் காய்ந்து பிளக்கின்றது. மாரி மழை பெய்ததும் அவ்வெடிப்பு மூடிக்கொள்கின்றது. சுண்ணாம்புக்கல்லில் உண்டாகும் வெடிப்போ இதற்கு மாறானது. அது மழையினால் மூடுவதில்லை, அகலுகின்றது.

புத்தளத்திலிருந்து மன்னார்க் கரையோரம் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை இக்கல் பரந்துள்ளது. இது மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்து உண்டானது. மழைநீர், வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்துக்கொண்டு மென்னமிலமாகின்றது. அந்நீர் கல்லின் பிளவுகளில் இறங்கி, அவற்றின் ஓரங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நெடுங்காலத்தில் மயிரிழை போன்ற பிளவு அகன்ற வெடிப்பாகவும், சிற்சில இடங்களில் குகையாகவும் விரிகின்றது.

இதனால் விளையக்கூடிய கேடுகள் இரண்டு.

முதலாவது, நீர் மாசடைதல். மணலினூடு மெல்ல ஊறும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். வெடிப்பினூடு விரைந்து பாயும் நீர் அவ்வாறு வடிவதில்லை. வயலில் மிஞ்சிய பசளை கிணற்றை அடையும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியுள்ளது. இந்நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு தரும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

இரண்டாவது, நீர் உவராதல். கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைக் காணலாம். மன்னார்த் தீவின் மணற்பகுதிக்கும் இவ்வியல்பு பொருந்தும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். ஆகவே, மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அடியிலுள்ள உவர்நீர் பெரிதும் மேலெழும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவத்திற்கேற்பப் பகுத்து இடுக. பெருமழைக்கு முன் இடுதல் வீண்.
2. எருக்குவியல், மாட்டுப்பட்டி, மலகூடம் ஆகியவற்றைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைக்குக.
3. மருந்து தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவற்க. கல்வெடிப்பில் குப்பை கொட்டற்க.
4. இயந்திரத்தால் நீரைத் தொடர்ந்து இறைக்காது, இடைவிட்டு இறைக்குக. உவர்ச்சுவை தோன்றின் உடனே நிறுத்துக.
5. கிணற்றை ஆழமாக்கினால் நீர் பெருகும் என எண்ணற்க, உவரே வரலாம்.

வெடிப்பு ஒருவர் வேலியோடு நிற்பதில்லை. ஒருவர் தோட்டத்தில் இட்டது அயலவர் கிணற்றிலும் தோன்றக்கூடும். ஆதலால், அயலவர் யாவரும் கூடி இவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.