கொழுந்துக் கூடையும் கொழுப்பு ஈரலும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலைக்குப் போகும் பஸ், மலை ஏற ஏற வேகம் குறைந்து முனகும். பன்விலை தாண்டி மடுல்கலை வரை தேயிலை மலைகள்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணிடம், "உங்கள் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம்" என்று சொன்னால் நம்புவாரா?

மலையகத்தில் ஈரல் வருத்தம் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. கசிப்புக் குடித்து வயிறு வீங்கிப்போன ஆள் ஒருவர். கண் மஞ்சளாகி, கீழாநெல்லிச் சாறு குடித்து எழும்பிய பிள்ளை மற்றது. கொழுப்பு என்பதோ இருந்த இடத்தில் இருந்து சாப்பிடுகிறவர்களின் நோய் என்றே பலரும் எண்ணுகிறார்கள்.

அந்த எண்ணம் தப்பு என்று காட்டியது களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களைத் தெரிந்தெடுத்து, வீடு வீடாகப் போய், 35 முதல் 64 வயது வரையான எல்லோரையும் அழைத்தார்கள். வந்தவர்கள் 403 பேர். அவர்களில் 227 பேர் பெண்கள். ஏறக்குறைய எல்லோரும் மலையகத் தமிழர்கள், பெரும்பாலானோர் உடலுழைப்பால் வாழ்கிறவர்கள். இடுப்பைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கொழுப்பு ஏறாத ஈரல் ஸ்கேன் திரையில் சிறுநீரகத்தின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும். கொழுப்பு ஏறியது அதைவிட வெளுத்துத் தெரியும். அளவுக்கு மீறிக் குடிப்பவர்களையும், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களின் தடயம் உள்ளவர்களையும் கணக்கில் சேர்க்கவில்லை. மதுவின் மீதும் வைரஸின் மீதும் பழி போட முடியாத கொழுப்பு ஈரல் எத்தனை பேருக்கு என்பதே அவர்களுடைய கேள்வி.

73 பேருக்கு இருந்தது. நூற்றுக்குப் பதினெட்டு.

கொழும்புக்குப் பக்கத்து ராகமையில் 2,985 பேரை வைத்து அதே பல்கலைக்கழகத்தினர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு 32.6 சதவீதம். பட்டினத்தில் மூன்றில் ஒருவர், தோட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மலை ஏறி இறங்கும் உழைப்பு ஓரளவு காப்பாற்றியிருக்கலாம், ஆனால் முழுதாகக் காப்பாற்றவில்லை.

ஏன்? இடுப்புச் சுற்றளவு, உடல் எடை, பிரஷர், இரத்தச் சீனி ஆகியவை கூடியவர்களிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் இது அதிகம் தென்பட்டது. பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தெற்காசிய உடம்பில் கொழுப்பு முதலில் சேர்வது வயிற்றுக்குள்தான். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளிய உடல்வாகு நம்மிடம் சாதாரணம். அதனால்தான் நமக்கு இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று குறைவாக வைத்திருக்கிறார்கள்.

இந்த நோய் வலிக்காது, காமாலையாகவும் வெளியே தெரியாது. சிலருக்கு மட்டும் கொழுப்போடு அழற்சி சேர்ந்து, தழும்பு விழுந்து, ஈரல் இறுகிச் சுருங்கும். அதில் புற்றுநோயும் வரலாம். அதற்கு முன்பே வருவது பெரும்பாலும் சீனி வருத்தம். ராகமை மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கே அது புதிதாக அதிகம் வந்திருந்தது.

மருந்து? 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற குளிசைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 966 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஓர் ஆண்டில், கூடிய அளவு மருந்து எடுத்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ஈரல் அழற்சி தீர்ந்தது. மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கே தீர்ந்தது. ஆனால் 2015இல் வெளிவந்த கியூபா ஆய்வொன்று இதைவிட எளிய வழியைக் காட்டியிருந்தது. அழற்சி கண்ட 293 பேர் ஓராண்டு சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றினார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அழற்சி மறைந்தது. 60 கிலோ ஆளுக்கு அது 6 கிலோ.

இங்கேதான் தோட்டத்து மக்களுக்கென்று தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்பது அலுவலகத்தில் இருப்பவருக்கான புத்திமதி. நாளெல்லாம் மலையில் நிற்பவரிடம் போய் அதைச் சொல்வது நியாயமில்லை. அவர் மாற்றக்கூடியது தட்டில்தான் இருக்கிறது: கோதுமை மா ரொட்டியின் எண்ணிக்கை, பிளேன்டீயில் போடும் சீனி, மலைபோல் குவியும் சோறு. வயிற்றை மலிவாக நிரப்புவதும் இவைதான். பருப்பும் கீரையும் முட்டையும் கைக்கெட்டும் விலையில் கிடைக்காவிட்டால், எந்த வைத்தியர் சொன்னாலும் அந்தத் தட்டு மாறாது.

இரண்டு தோட்டங்களில் ஒருமுறை செய்த ஆய்வு போதுமா? போதாது. நம்முடைய கீழாநெல்லியே அதற்குச் சாட்சி. 1988இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்த 37 பேர் அதை 30 நாள் சாப்பிட்டபின், 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாமல் இருந்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து போன்ற வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எந்த முடிவையும் வேறு ஊரில், வேறு மக்களிடம் மீண்டும் நிறுத்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

கண்டி மலைகளுக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. 1962 முதல் பேராதனையில் மருத்துவ பீடம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பன்விலை, மடுல்கலைப் பக்கத்து லயங்களுக்கும் ஸ்கேன் இயந்திரத்தோடு வீடு வீடாக வர வேண்டும். கண்டதை அந்த மக்களிடமே தமிழில் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே ஒரு நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றை அளந்து பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ, ஏற்கெனவே சீனி வருத்தம் இருந்தாலோ, அடுத்த கிளினிக் நாளில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டொக்டர், என் ஈரலையும் ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா?"