பலகை மாறியது, எண் மாறவில்லை

பெங்களூர் சிட்டி ரயில் நிலையம் 2016இல் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையமானது. அதற்கு முன்பே, 2014 நவம்பர் 1 அன்று, ஊரே பெங்களூருவாகிவிட்டது. ஆனால் டிக்கெட்டில் பாருங்கள்: நிலையத்தின் குறியீடு இன்றும் எஸ்பிசிதான். மதராஸ் போய் சென்னை வந்த பிறகும் சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ் நீடிப்பதுபோல.

லினக்ஸ் கம்ப்யூட்டரும் இதே ஜாதி. நம்மை அது பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதலில் சேரும் பயனாளர் 1000. ஒரு ஃபைல் யாருடையது என்று டிஸ்க்கில் பதிவாவது இந்த எண்தான். பெயர், வேறொரு பட்டியலில் எண்ணுக்கு எதிரே எழுதிய வெறும் பலகை.

நான் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பலகை முந்தைய உரிமையாளருடையது. ஆறு ஆண்டுகள் தினமும் காலையில் யாரோ ஒருவருடைய பெயரைத் தட்டி உள்ளே நுழைந்துதான் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வந்தேன். ஒருநாள் மாற்றத் துணிந்தேன்.

பயன்பாட்டில் இருக்கும் கணக்கின் பெயரை மாற்ற லினக்ஸ் சம்மதிக்காது. வேறொரு நிர்வாகிக் கணக்கு வழியாக வர வேண்டும். 'யூசர்மாட்' என்ற கட்டளை பெயரை மாற்றும். ஆனால் ஹோம் டைரக்டரி பழைய பெயரிலேயே கிடக்கும். அதை நகர்த்தத் தனியாகச் சொல்ல வேண்டும். பயனாளர் குழுவின் பெயரை மாற்ற 'குரூப்மாட்'. ஐந்து நிமிட வேலை. ஃபைல்கள் ஒன்றுகூடத் தொலையவில்லை. எண் மாறவில்லையே!

தொலைந்தது பிறகு. மூன்று வாரம் கழித்து, நாவலின் இரண்டு அத்தியாயங்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். இரவுதோறும் தானாகப் பிரதி எடுக்க ஏற்பாடு இருந்ததால் பதறவில்லை. தேடினால், கடைசிப் பிரதி பெயர் மாற்றத்துக்கு முந்தைய இரவுடையது! குறித்த நேரத்தில் வேலைகளை நடத்தும் 'கிரான்' அட்டவணையைப் பயனாளரின் பெயரில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. எனவே அது சும்மா இருந்துவிட்டது, ஒரு வார்த்தை சொல்லாமல். அட்டவணையை நாமேதான் மாற்ற வேண்டும் என்று யூசர்மாடின் கையேடு தெளிவாகவே எச்சரிக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

இரண்டு அத்தியாயங்களையும் மறுபடி மொழிபெயர்த்தேன். பிறகு அட்டவணையைப் புதுப் பெயருக்கு மாற்றினேன். பழைய டைரக்டரியின் பெயரில் புதியதற்கு ஓர் இணைப்பும் வைத்தேன். பழைய முகவரியை எழுதி வைத்திருக்கும் புரோகிராம்கள் அதன் வழியே வீடு வந்து சேருகின்றன, ஆட்டோக்காரரிடம் 'சிட்டி ஸ்டேஷன்' என்றே சொல்லி ஏறும் என்னைப்போல.